வார்டு இல்லாத ஆஸ்பத்திரி

“வார்டுன்னா உனக்கு என்னம்மா தோணுது?” என்று தலைவர் என்னைக் கேட்டார்.

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். நாலு பேர் சேர்ந்து பார்த்தாலே எனக்குக் காது சூடாகிவிடும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

“எங்கம்மா எங்க இருக்காங்களோ, அது” என்றேன்.

தலைவர் குனிந்து பக்கத்து நாற்காலிக்காரரிடம் ஏதோ கேட்டார். அவர் உதட்டைப் பிதுக்கினார். தலைவர் குறிப்பெழுதுபவரிடம் திரும்பி, “உணர்ச்சி சார்ந்த பொருள். எந்த அகராதியிலும் இல்லை. பரிசீலனைக்கு ஏற்கப்படவில்லை” என்று சொன்னார். குறிப்பெழுதுபவர் எழுதிக்கொண்டார். எனக்கு ஒரு டம்ளர் டீ வந்தது.

அந்த அறைக்கு நான் எப்படிப் போனேன் என்று சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு இருதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் பார்க்க வந்தவர்களை எல்லாம் வெளியே போகச் சொல்லி மணி அடித்தபோது அம்மா என் கையை விடவில்லை.

“நாளைக்கு என்னைத் தள்ளிட்டுப் போறப்ப நீ பக்கத்துல இருக்கணும்” என்றாள். “மயக்க ஊசி போடறவங்க எல்லாரும் மூக்கையும் வாயையும் மூடிட்டு நிப்பாங்களாம். பக்கத்துப் பெட்டுக்காரி சொன்னா. முகமே தெரியாதவங்களப் பாத்துட்டு நான் கண்ண மூட மாட்டேன். உன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் மூடுவேன்.”

“அப்பாவக் கூட்டிட்டு வரேனே.”

“அந்த மனுஷன் வந்தா பேசிப் பேசியே டாக்டருக்கு மயக்கம் வந்துடும். நீயே வா.” பிறகு என் கன்னத்தைக் கிள்ளினாள். “யாராவது உள்ள விடலன்னா வாயத் தொறந்து கேளுடி. சுவத்த ஒட்டி நிக்காத. கேட்டா கொறஞ்சா போயிடுவ?”

“கேக்கறேம்மா.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

மறுநாள் காலையில் அப்பாவும் நானும் வந்தபோது ஏணி போட்டு இரண்டு பேர் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வார்டு, குழந்தைகள் வார்டு, இருதய வார்டு என்று எழுதியிருந்த பலகைகள் எல்லாம் தரையில் குப்புறக் கிடந்தன. பலகை இருந்த இடங்களில் சுவர் புதிதாக, வெள்ளையாக இருந்தது.

உள்ளே போக அனுமதிச் சீட்டு வாங்கும் ஜன்னலில் கிளார்க் எழுதிக்கொண்டே வந்து ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினார். நோயாளி இருக்கும் இடம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தார். வாசலில் காவலுக்கு நின்ற கார்டு அதை வாங்கிப் பார்த்தார்.

“இடம் எழுதலையேம்மா.”

“எழுதக் கூடாதுன்னு அவரு சொன்னாரு.”

“எழுதாதவங்கள விடக் கூடாதுன்னு எனக்குச் சொல்லியிருக்காங்க.”

அப்பா சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர். யாரிடமும் ஒரு பேச்சு இல்லாமல் போக அவரால் முடியாது. “அண்ணே,” என்று ஆரம்பித்தார், “உங்க யூனிபார்மப் பாத்தாலே தெரியுது, நீங்க நல்லவரு. ஆனா காலர்ல சூடு அதிகமா வெச்சுட்டாங்க. எங்கிட்ட குடுங்க, புதுசாட்டம் ஆக்கித் தரேன். எம் பொண்ண மட்டும் உள்ள விடுங்க. அவ அம்மாவுக்கு இன்னைக்கு ஆபரேஷன்.”

“எந்த இடம்?”

“இருதய வா…”

கார்டு பதறிப்போய் அப்பாவின் வாயைப் பொத்தினார். “அந்த வார்த்தையச் சொல்லாதய்யா. காலைல ஒரு நர்சம்மா சொல்லிட்டு மெமோ வாங்கியிருக்கு.”

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியில் புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்கெல்லாம் நம் மொழியில் சரியான சொல் கண்டுபிடிக்க ஒரு குழு இருந்தது. மருத்துவமனை அயற்சொல் பொருள்நிர்ணய உயர்மட்டக் குழு என்பது அதன் பெயர். ஒரு சொல்லை அவர்கள் ஆராய எடுத்துவிட்டால், முடிவு வரும்வரை அந்தச் சொல்லை யாரும் எழுதக் கூடாது, சொல்லக் கூடாது. அந்தச் சொல்லால் குறிக்கப்படும் பொருளும் கூடியவரை கண்ணில் படக் கூடாது. போன தடவை பெட் என்ற சொல்லை ஆராய்ந்தார்கள். ஆற்றுக்கும் பெட் உண்டு, பூச்செடிகளுக்கும் பெட் உண்டு என்று அவர்கள் கண்டுபிடித்து முடிக்கிறவரை, கட்டில்களை எல்லாம் சுவரில் சாய்த்து நிமிர்த்தி வைத்திருந்தார்களாம். நோயாளிகள் தரையில் படுத்திருந்தார்களாம். அதற்கு ஒரு பாராட்டு விழாவும் நடந்ததாம்.

“சரிண்ணே, ஆளுங்க எங்க?” என்று அப்பா கேட்டார்.

“விடிகாலைலயே எல்லாரையும் இடம் மாத்திட்டாங்க. பழைய இடத்துலயே இருந்தா ஜனங்க பழக்கதோஷத்துல பழைய பேரச் சொல்லிடுவாங்களாம். ரெக்கார்டுல எல்லாரும் ‘வழியில் இருக்கிறார்’ன்னு போட்டிருக்கு.”

“வழியிலன்னா எந்த வழி?”

“அது தெரிஞ்சா நான் ஏன் இந்த வேலைல இருக்கேன்?” என்றார் கார்டு. பிறகு என்னைப் பார்த்து மனம் இளகி, “மாடில குழு கூடியிருக்கு. தலைவர் கையெழுத்துப் போட்டா எங்க வேணாலும் போகலாம். இந்தப் பொண்ண மட்டும் அனுப்பறேன். நீங்க நில்லுங்க” என்றார்.

“போ பாப்பா,” என்றார் அப்பா. “தைரியமாக் கேளு. நான் இங்கயே அண்ணன்கிட்டப் பேசிட்டிருக்கேன்.”

நான் மாடிக்குப் போய்க் கதவோரம் நின்றேன். வாயைத் திறக்கிறேன் என்று சத்தியம் செய்திருந்ததால் திறந்தேன். சத்தம் வரவில்லை. தலைவர்தான் முதலில் பேசினார்.

“எத்தனாவது படிச்சிருக்கம்மா?”

“எட்டாவது. பாதியில நின்னுட்டேன்.”

“பாதியிலயா!” என்று அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். மற்றவர்களும் எழுந்தார்கள். நான் படிப்பை நிறுத்தியதற்கு இவ்வளவு பேர் சந்தோஷப்பட்டு அதற்கு முன்பு பார்த்ததில்லை. பள்ளிப் படிப்பை முடிக்காத பொதுமக்கள் பிரதிநிதி ஒருவர் உடன் இருந்தால்தான் கூட்டம் செல்லும் என்பது அவர்களுடைய விதி. முன்பு இருந்த பிரதிநிதி, சாவி செய்கிற ஒரு பெரியவர், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பவே இல்லையாம்.

“எங்கம்மா…” என்றேன்.

“எல்லாம் பாத்துக்கலாம். கூட்டம் முடிஞ்ச கையோட கையெழுத்துப் போட்டுத் தரேன். உட்காரு. பிஸ்கட் எடுத்துக்கோ.”

அப்படித்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்படித்தான் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டார்கள்.

முதலில் பேசியவரை எல்லாரும் வேர் ஐயா என்று கூப்பிட்டார்கள். ஒரு சொல்லின் வேரைப் பிடித்துவிட்டால் அவர் விடமாட்டாராம். கண்ணை மூடிக்கொண்டு பேசினார். வார்டு என்பது மிகப் பழைய ஆங்கிலச் சொல் என்றார். அதன் பொருள் காவல், கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வது. அதே சொல் பிரெஞ்சுக்காரர் வாய்க்குள் போய்க் கார்டு என்று வெளியே வந்தது. ஆக, வார்டும் கார்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

“அப்போ ஸ்டீவர்டு?” என்று யாரோ கேட்டார்கள்.

“வீட்டைக் காப்பவன்.”

“லார்டு?”

“அதுவும் இந்தக் குடும்பம்தான். அந்தக் காலத்தில் ரொட்டியைக் காப்பவன் என்று பொருள். ரொட்டி யார் கையில் இருக்கிறதோ அவன்தான் பிரபு.”

தலைவர் மெய்மறந்து தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

எதிரில் உட்கார்ந்திருந்த பேராசிரியை அம்மா சும்மா இருக்கவில்லை. பூட்டுக்குள்ளே வேறு சாவி நுழையாமல் தடுக்கிற மேட்டுக்கும் வார்டு என்று பெயர் உண்டு என்றார். பெற்றவர் இல்லாமல் பிறர் பொறுப்பில் வளரும் பிள்ளைக்கும் வார்டு. நகரத்தை ஓட்டுக்காகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் வார்டு. “அது போகட்டும். ஃபார்வர்டு, பேக்வர்டு என்கிறோமே, அதில் இருக்கிற வார்டு யார் பெற்ற பிள்ளை?” என்று மேசையைத் தட்டினார்.

“அது வேறு வேர்” என்றார் வேர் ஐயா. “திரும்புவது என்ற பொருளில் வந்தது.”

“அதைத்தான் நானும் சொல்கிறேன்!”

“நீங்கள் கேள்வியாகக் கேட்டீர்கள்.”

“கேள்வியாகச் சொன்னேன்!”

இருவரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள் என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் டீ ஆறி, மறுபடி டீ வந்து, அதுவும் ஆறும்வரை சண்டை போட்டார்கள். கடைசியில் தலைவர் தலையிட்டு, கருத்தொற்றுமை ஏற்பட்டதாகக் குறிப்பில் எழுதச் சொன்னார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நான் நாற்காலி நுனியில் இருந்தேன்.

அப்போதுதான் வேர் ஐயாவுக்கு அந்த யோசனை வந்தது. ஒரு சொல்லை நிறுத்தி வைத்துவிட்டு அதன் உறவுகளை நடமாட விடுவது முறையா என்றார். “தாய்ச்சொல் விசாரணையில் இருக்கிறது. பிள்ளைச்சொற்கள் தெருவில் திரிகின்றன.”

“நியாயம்” என்றார் தலைவர். உடனே உத்தரவு தயாரானது. கார்டு என்ற சொல் நிறுத்தம். ஆகவே வாசலில் கார்டு நிற்கக் கூடாது. காவல் இல்லாத வாசலைத் திறந்து வைக்க முடியாது என்பதால் பூட்டிவிட வேண்டியது. வார்டன் நிறுத்தம். நர்சுகள் விடுதியில் வார்டன் கையெழுத்து இல்லாமல் யாரும் வெளியே வர முடியாது, ஆகவே டியூட்டிக்கு வர வேண்டிய நர்சுகள் விடுதியிலேயே இருக்க வேண்டியது. வார்ட்ரோப் நிறுத்தம். டாக்டர்களின் கோட்டுகள் அதற்குள்தான் இருந்தன. வார்டுபாய்கள் அனைவரும் மறு உத்தரவு வரும்வரை வீட்டுக்குப் போக வேண்டியது.

“அவார்டு?” என்று குறிப்பெழுதுபவர் பேனாவைத் தூக்கிக் கேட்டார்.

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவருக்கு அந்த வருஷம் ஏதோ ஒரு அவார்டு கொடுப்பதாக இருந்ததாம்.

தலைவர் தொண்டையைச் செருமினார். “ஆராய்ச்சிக்கும் ஒரு எல்லை இருக்கிறது” என்றார். “எல்லாவற்றையும் சந்தேகப்பட்டால் சமூகம் இயங்காது.”

எல்லாரும் கை தட்டினார்கள்.

உத்தரவு கீழே போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ஒரு நர்ஸ் மூச்சு வாங்க ஓடி வந்தார். நேற்று அம்மாவுக்கு ஊசி போட்ட அதே அக்கா. என்னை அங்கே பார்த்ததும் ஒரு நிமிஷம் திகைத்து நின்றார்.

“ஐயா, ஸ்ட்ரெச்சர் தள்ள ஆளில்ல” என்றார். “ஆபரேஷனுக்குப் போக வேண்டிய பேஷண்ட் அங்கயே கெடக்கறாங்க. மூச்சுத் திணறுது. நான் ஒருத்தியாத் தள்ள முடியலைங்க, சரிவு இருக்கு.”

“எந்த இடத்தில்?” என்று கேட்டார் தலைவர்.

“அங்கதாங்க, கீழ…”

“அங்கே என்பது ஓர் இடமா அம்மா? சரியான சொல் இல்லாமல் பேசிப் பேசித்தான் இந்த நாடு இப்படி ஆகிவிட்டது.”

“பேரு நீங்கதாங்க எடுத்துட்டீங்க!”

“எடுக்கவில்லை. பாதுகாப்பாக வைத்திருக்கிறோம்.”

நான் எழுந்துவிட்டேன். எழுந்தது எனக்கே தெரியவில்லை. “அக்கா, யாருக்கா? எங்கம்மாவா?”

அக்கா ஆமாம் என்று தலையாட்டினார். நான் கதவைப் பார்த்து நடந்தேன். பேராசிரியை அம்மா என் தோளைப் பிடித்தார். “பிரதிநிதி எழுந்து போனால் கூட்டம் கலைஞ்சதா ஆயிடும்மா. மறுபடி முதல் பொருளிலிருந்து ஆரம்பிக்கணும். தடையும் நீடிக்கும். நீ உட்கார்ந்தா இன்னும் ஒரே ஒரு பொருள்தான் பாக்கி. முடிச்சுட்டா பலகை மாட்டிடுவாங்க, ஆளுங்க வந்துடுவாங்க. உங்கம்மாவுக்குத்தான் நல்லது. யோசிச்சுக்கோ.”

“நீ இரு,” என்றார் நர்ஸ் அக்கா, தாழ்ந்த குரலில். “சீக்கிரம் முடிக்கச் சொல்லு. நீ ஒருத்தி வந்தும் தள்ள முடியாது. நான் வேற யாரையாவது கூட்டிட்டு வரேன்.” சொல்லிக்கொண்டே ஓடினார்.

நான் உட்கார்ந்தேன். “சீக்கிரம் முடிங்க” என்றேன். அறையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

“பொதுமக்களின் ஆர்வம் மகிழ்ச்சி அளிக்கிறது” என்றார் தலைவர். குறிப்பெழுதுபவர் அதையும் எழுதினார்.

பாக்கி இருந்த பொருள், வந்த அடியைத் தடுப்பது. கத்திச் சண்டையில் எதிராளியின் வீச்சை விலக்குவதற்கும் வார்டு என்று சொல்வார்களாம். அது எப்படி என்று வேர் ஐயா எழுந்து நின்று அளவுகோலை வைத்துச் செய்து காட்டினார். பேராசிரியை அம்மா குடையால் தடுத்தார். அது அந்தக் காலத்து முறை இல்லை என்று வேர் ஐயா சொல்ல, இன்னொரு தடவை செய்து காட்டினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நான் மேசைக்கு அடியில் என் கைவிரல்களை ஒன்றையொன்று பிடித்து நெரித்துக்கொண்டிருந்தேன். எழுந்து ஓட வேண்டும் என்று இருந்தது. ஓடினால் எங்கே ஓடுவது என்று தெரியவில்லை. எந்தச் சுவரிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஒருவழியாகத் தலைவர் எழுந்தார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

“நண்பர்களே,” என்றார். “நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்று சிலர் நம்மை அவசரப்படுத்துகிறார்கள். ஒரு நோயாளி போனால் இன்னொரு நோயாளி வருவார். அதில் தடை இல்லை. ஆனால் ஒரு தவறான சொல் உள்ளே வந்துவிட்டால் நூறு வருஷத்துக்கு வெளியே போகாது. நாம் யாருக்குப் பொறுப்பு? சொல்லுக்குத்தான் பொறுப்பு. இன்று நாம் கண்டது என்ன? வார்டு என்றால் கட்டடம் இல்லை, கட்டில் இல்லை. யாரோ ஒருவர் கண் அகலாமல் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான் அதன் பொருள். எவ்வளவு ஈரமான சொல்! இதுநாள்வரை இந்த ஈரம் தெரியாமலே இந்த ஆஸ்பத்திரியை நடத்தியிருக்கிறோம்!” கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். “ஆகவே இனி அது, நோயர் காப்புநோக்குக் கூடம் என்று அழைக்கப்படும். ஏற்கிறவர்கள் கையைத் தூக்கலாம்.”

எல்லாக் கைகளும் எழுந்தன. என் கைக்காகக் காத்திருந்தார்கள். நான் சட்டென்று தூக்கினேன். இரண்டு கைகளையும் தூக்கினேன்.

“கையெழுத்து” என்றேன். “இப்ப கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

அப்போது கதவு திறந்தது.

அப்பா நின்றிருந்தார். மதில் ஏறிக் குதித்திருக்க வேண்டும், சட்டையெல்லாம் சுண்ணாம்பு. முழங்கை சிராய்த்து ரத்தம் வந்திருந்தது. அவருக்குப் பின்னால் நர்ஸ் அக்கா. அப்பாவின் கையில் அம்மாவின் செருப்பு இரண்டும் இருந்தன.

“கூட்டம் நடக்குதுப்பா. யார் நீ?” என்றார் தலைவர்.

“அம்மா எங்கப்பா?” என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். நர்ஸ் அக்காதான் பேசினார்.

“மாடிப்படிக்குக் கீழ வெச்சிருந்தாங்கம்மா. உங்கப்பாதான் ஒவ்வொரு எடமாத் தேடிக் கண்டுபிடிச்சாரு. ரெண்டு பேருமாச் சரிவுல தள்ளினோம். தியேட்டர் வாசல் வரைக்கும் போயிட்டோம்.” வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். பிறகு, “கடைசி வரைக்கும் நீ வரியான்னு வந்த வழியவே பாத்துட்டிருந்தாங்க” என்றார்.

வேர் ஐயா அளவுகோலை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

தலைவர் எழுந்து நின்று தலை குனிந்தார். எல்லாரும் குனிந்தார்கள். அப்படியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, தலைவர் குறிப்பெழுதுபவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“இரங்கல் தெரிவித்ததாக எழுதுங்கள். எங்கே காலமானார் என்ற இடத்தில், மாடிப்படி, தியேட்டர் வாசல் என்றெல்லாம் வேண்டாம். நோயர் காப்புநோக்குக் கூடத்தில் என்று எழுதுங்கள்.” கொஞ்சம் யோசித்து, “புதிய சொல்லின் முதல் பயன்பாடு என்பதையும் ஓரத்தில் குறியுங்கள்” என்றார்.

பேனா ஓடும் சத்தம் கேட்டது.

அப்பா அந்த மேசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். உதடு அசைந்தது. ஏதோ சொல்லப் போகிறார் என்று எல்லாரும் நிமிர்ந்தார்கள். நானும்தான். அவர் சுண்ணாம்பு படிந்த சட்டையோடு சேர்த்துச் செருப்புகளை மார்பில் அணைத்துக்கொண்டு திரும்பினார். பலகைகள் கழற்றிய சுவர்களின் ஓரமாகவே நடந்து, படியில் இறங்கி, போய்விட்டார்.